‘தோந்தே லே துவேலே?’ வெள்ளவத்தையில் ஒரு மருத்துவ ஸ்பானிஷ் வகுப்பு

வெள்ளவத்தையில், சவோய் தியேட்டரிலிருந்து கொஞ்சத் தூரத்தில், ஒரு பேக்கரிக்கு மேலே மூன்றாம் மாடியில் ஞாயிறு பின்னேரங்களில் ஒரு ஸ்பானிஷ் வகுப்பு நடக்கிறது. மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கு மட்டும். 12 வாரம். நான் ஒரு ஞாயிறும் விடாமல் போனேன். கட்டணம் 36,000 ரூபாய், இரண்டு தவணையாகக் கட்டலாம். அந்தக் காசுக்குத் தகுமா என்று என்னோடு வேலை செய்கிற மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். டீச்சர் தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பொதுவில் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

நான் கொட்டாஞ்சேனை. கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாகத் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறேன். அமெரிக்காவில் தாதியாக வேலை செய்ய எழுதவேண்டிய என்கிளெக்ஸ் உரிமப் பரீட்சையைச் சென்னைக்குப் போய் எழுதிப் பாஸ் பண்ணினேன். டெக்சாஸில் சான் அன்டோனியோவில் வேலை என்று முகவர் சொன்னார். அந்த நகரத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஹிஸ்பானிக் மக்கள். அமெரிக்கா முழுவதும் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் 4 கோடிக்கும் மேல். விசா வரிசை நகர்வதாக இல்லை, அதுவரை சும்மா இருப்பானேன் என்று முதலில் போனில் ஒரு செயலியை இறக்கினேன். நான்கு மாதம் விடாமல் படித்தேன். பையன் அப்பிள் சாப்பிடுகிறான், பூனை பால் குடிக்கிறது என்றெல்லாம் சொல்லத் தெரிந்தது. எங்கே நோகிறது என்று கேட்கத் தெரியவில்லை.

இந்த வகுப்பில் முதல் நாள் முதல் வசனமே அதுதான். ‘தோந்தே லே துவேலே?’ உங்களுக்கு எங்கே நோகுது?

டீச்சர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். ஸ்பெயினில் 14 வருடம் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு வந்தவர். இலக்கணப் புத்தகத்திலிருந்து ஸ்பானிஷ் படித்தவர் இல்லை. கிழவர்களைத் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, மருந்து கொடுத்துப் படித்தவர். அது அவர் கற்பிக்கிற விதத்தில் தெரிகிறது. பலகையில் ‘மே துவேலே லா கபேசா’ என்று எழுதினார். அதன் கீழே தமிழில் ஒவ்வொரு சொல்லாக எழுதினார். மே, எனக்கு. துவேலே, நோகுது. லா கபேசா, தலை. எனக்குத் தலை நோகுது.

இதை முதலில் பார்த்தபோது எனக்குச் சின்ன அதிர்ச்சி. ஆங்கிலத்தில் ‘என் தலை நோகிறது’ என்றோ ‘நான் ஒரு தலைவலி வைத்திருக்கிறேன்’ என்றோதான் சொல்கிறார்கள். ஸ்பானிஷ்காரர் எங்களைப்போல ‘எனக்கு’ என்று தொடங்குகிறார். நோவு எனக்கு வருகிறது, தலை நோகிறது. இரண்டு காலும் நொந்தால் வினைச்சொல்லும் பன்மையாகிறது: ‘மே துவேலென் லோஸ் பியேஸ்’. மகரகமவிலிருந்து வருகிற ஒரு தங்கச்சி, அவவும் தாதி, உடனே ‘மட்ட ஒளுவ ரிதெனவா’ என்றாள். சிங்களத்திலும் அதே கட்டுமானம். ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிக்கிறவர்கள் இந்த ஒரு வசனத்தில் வாரக்கணக்காகத் தடுமாறுவார்களாம். எங்கள் ஒன்பது பேருக்கும் அது 10 நிமிட வேலையாக முடிந்தது. என் நான்கு மாதச் செயலி இந்த விஷயத்தை எனக்குக் காட்டவே இல்லை, ஏனென்றால் அது ஆங்கிலத்தினூடாகத்தான் எல்லாவற்றையும் சொல்லித்தந்தது.

அப்புறம் ‘து’, ‘உஸ்தெத்’. நீ, நீங்கள். நோயாளியிடம் எப்போதும் ‘உஸ்தெத்’. இதற்கும் எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வயதான ஒருவரை நீ என்று கூப்பிட்டால் அவர் முகம் எப்படிப் போகும் என்று எங்களுக்குத் தெரியும்.

உச்சரிப்பும் அப்படித்தான். அ, எ, இ, ஒ, உ என்று ஐந்தே உயிர், எல்லாம் எங்களிடம் இருக்கிற ஓசைகள். ‘பெரோ’ என்றால் ஆனால், ‘பெர்ரோ’ என்றால் நாய். டீச்சர் அரை, அறை என்று இரண்டையும் பழைய யாழ்ப்பாண உச்சரிப்பில் சொல்லிக் காட்டி, அந்த றகரத்தை இன்னும் கொஞ்சம் உருட்டச் சொன்னார். கொழும்பில் வளர்ந்த எனக்கு ரகர றகர வித்தியாசம் நாக்கில் எப்போதோ போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர இரண்டு வாரம் எடுத்தது. ஞகரம் எங்களிடம் இருப்பது பெரிய வசதி. வயது கேட்கும்போது ‘குவாந்தோஸ் ஆஞோஸ் தியேனே?’ என்று கேட்கவேண்டும். ஞகரத்தை னகரமாக்கி ‘ஆனோஸ்’ என்று சொன்னால் வருடம் போய், ஆசனவாய் வந்துவிடும். நோயாளியை முதன்முதலாகப் பார்க்கும்போது கேட்கிற கேள்வி இது. அதனால் இந்த ஒரு எழுத்துக்கு டீச்சர் அரை மணித்தியாலம் செலவழித்தது சரி என்றே நினைக்கிறேன்.

சொற்பட்டியல் எல்லா வகுப்பிலும் கிடைக்கும். இங்கே கிடைத்தது ஆபத்தான சொற்களின் பட்டியல். ‘எம்பராசாதா’ என்றால் கர்ப்பிணி, கேட்பதற்கு ஆங்கிலத்தில் வெட்கப்படுவதற்கான சொல்போல இருக்கும். ‘ரெசேதா’ மருந்துச் சீட்டு, சமையல் குறிப்பும் அதே சொல்தான். ‘ஒன்சே’ என்றால் பதினொன்று. ஆங்கிலத்தில் ஒரு தரம் என்பதற்கு எழுதுகிற சொல்லும் இதே நான்கு எழுத்து, once. குளிசைப் போத்தலில் நாளுக்கு ஒரு தரம் என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருப்பதை ஸ்பானிஷ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர் நாளுக்கு 11 என்று வாசிக்கலாம். பிரஷர் குளிசை 11! அன்றிலிருந்து நான் ஆஸ்பத்திரியில் மருந்துச் சரை கொடுக்கும்போதும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு நகர்வதில்லை. எத்தனை, எப்போது என்று அவர்கள் வாயால் சொல்லச் சொல்லிக் கேட்கிறேன்.

‘இந்தோக்சிகாதோ’ என்ற சொல்லுக்கு ஒரு வகுப்பு முழுவதும் போனது. 1980 இல் ப்ளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவரை நினைவில்லாத நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கியூபாக் குடும்பம். சாப்பிட்டது ஏதோ ஒத்துவரவில்லை என்ற பொருளில் வீட்டார் ‘இந்தோக்சிகாதோ’ என்றார்கள். ஆங்கிலத்தில் ‘இன்டொக்சிகேட்டட்’ என்றால் போதையில் இருப்பது, டொக்டர்களுக்கு அப்படித்தான் கேட்டது. போதைப்பொருள் அதிகமாக எடுத்தவருக்குச் செய்யும் வைத்தியம் செய்தார்கள். உண்மையில் மூளைக்குள் இரத்தக் கசிவு. அது தெரியவந்தபோது நேரம் கடந்துவிட்டது, இரண்டு கையும் இரண்டு காலும் செயலிழந்தன. பிறகு ஏறத்தாழ 7 கோடி 10 லட்சம் டொலர் நட்டஈட்டு இணக்கத்தில் வழக்கு முடிந்தது. அங்கே மொழிபெயர்ப்பாளரை யாரும் கூப்பிடவில்லை. இரண்டு பக்கமும் தாங்கள் விளங்கிக்கொண்டோம் என்றே நினைத்தார்கள். டீச்சர் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு வேறு ஒன்றும் சொல்லாமல் பிளேன்டீ இடைவேளை விட்டார். கீழே பேக்கரியில் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு நின்றோம், யாரும் அதிகம் பேசவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஆறாம், ஏழாம் வகுப்புகள். மக்கள் தங்கள் வருத்தங்களுக்கு வைத்திருக்கும் பெயர்கள். மெக்சிகோ பக்கத்தில் நீரிழிவை ‘தெங்கோ அசூகர்’ என்பார்களாம், எனக்குச் சீனி இருக்கிறது. எங்கள் சீனி வருத்தம்! ‘மால் தே ஓஹோ’ நாவூறு. ‘சூஸ்தோ’ என்பது பயந்துபோவதால் பிள்ளைக்கு வருகிற வருத்தம். எங்கள் வீட்டில் அதற்குத் திருநீறு போட்டு நூல் கட்டுவார்கள். ‘எம்பாச்சோ’ சாப்பாடு வயிற்றில் செமிக்காமல் அடைத்துக்கொள்வது. இதில் கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. எம்பாச்சோவுக்கு ‘அசர்கோன்’ என்ற செம்மஞ்சள் தூளும் ‘கிரேதா’ என்ற மஞ்சள் தூளும் கொடுக்கிற வழக்கம் சில இடங்களில் உண்டு. இரண்டுமே ஈயச் சேர்மங்கள். பிள்ளைகளுக்கு ஈய நஞ்சேற வைக்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இவற்றைப் பற்றி எச்சரித்திருக்கிறது. அதனால் ஒரு தாய் எம்பாச்சோ என்று சொன்னால், அது மூடநம்பிக்கை என்று முகத்தைச் சுளிக்காமல், வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்கவேண்டும். முகம் சுளித்தால் அந்தத் தூளைப் பற்றி அவர் வாய் திறக்கமாட்டார். இந்தப் பாடத்துக்கு ஸ்பானிஷ் தேவையில்லை, எங்கள் வாட்டுகளிலும் இது அப்படியே பொருந்தும்.

இனிக் குறைகள். இவை சின்னக் குறைகள் இல்லை.

முதலாவது, இது ஸ்பெயின் ஸ்பானிஷ். எங்களில் ஏழு பேர் அமெரிக்கா போகக் காத்திருப்பவர்கள். அந்த ஏழு பேரில் இரண்டு பேர் அங்கே வைத்திய உயர்பயிற்சிக்கு விண்ணப்பித்த டொக்டர்கள். வேறொருவர் இங்கேயே இரவு வேலையாக அமெரிக்கக் கிளினிக்குகளுக்குக் குறிப்பெடுத்துக் கொடுப்பவர். எங்கள் காதில் விழப்போவது பெரும்பாலும் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பேச்சு. அப்படியிருக்க, பலரை முன்னிலைப்படுத்தும் ‘வோசோத்ரோஸ்’ வடிவத்துக்கு இரண்டு வகுப்புப் போனது. லத்தீன் அமெரிக்காவில் அதை அன்றாடப் பேச்சில் பயன்படுத்துவதே இல்லை, ‘உஸ்தேதெஸ்’ போதும். தடிமனுக்கு ‘கோன்ஸ்திபாதோ’ என்று குறிப்பில் இருந்தது. அது ஸ்பெயினில் சரி. வேறு நாடுகளில் மலச்சிக்கல் என்று விளங்கிக்கொள்ளக்கூடும். ‘ரெஸ்ஃப்ரியாதோ’ என்றால் எங்கும் விளங்கும். இவை எல்லாவற்றையும்விட மோசமானது ‘கோஹேர்’ என்ற சொல். ஸ்பெயினில் எடுப்பது, பிடிப்பது எல்லாவற்றுக்கும் அதுதான். மெக்சிகோவில் அது படு கெட்ட வார்த்தை. எங்கள் குறிப்பில் மூன்று உரையாடல்களில் அது இருந்தது. இணையத்தில் தற்செயலாகப் பார்த்துவிட்டு டீச்சரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவரே எல்லாருடைய புத்தகத்தையும் வாங்கி, சிவப்புப் பேனையால் வெட்டி, ‘தோமார்’ என்று மாற்றி எழுதித் தந்தார். அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் நான் பார்த்திருக்காவிட்டால் ஒன்பது பேரும் அந்தச் சொல்லோடு விமானம் ஏறியிருப்போம்.

இரண்டாவது, கேட்டுப் பழகுவது குறைவு. டீச்சர் எங்களுக்காக மெதுவாகப் பேசுகிறார். நோவில் இருப்பவர் அப்படிப் பேசமாட்டார். 12 வாரத்தில் வேறொருவரின் குரலைக் கேட்டது ஒரே ஒரு நாள்தான், பதினோராம் வாரம். மேசை கதிரை, காற்றாடி பற்றி எழுத ஒன்றுமில்லை. மின்சாரம் போனால் அறை புழுங்கும், கடல் பக்கத்து ஜன்னல் இருப்பதால் தாங்கலாம்.

அந்தப் பதினோராம் வாரத்துக்காகத்தான் இந்த வகுப்பை நான் மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

டீச்சரோடு ஸ்பெயினில் வேலை செய்த ஒரு பெருநாட்டு அம்மா ஸூமில் வந்தார். 60 வயதிருக்கும். ஒவ்வொருவருக்கும் அவர் நோயாளியாக நடித்தார். என் முறை வந்தது. வணக்கம் சொல்லி, பெயர் கேட்டு, இரண்டு குடும்பப் பெயரையும் சரியாக எழுதிக்கொண்டேன், அப்பாவுடையது முதலில், அம்மாவுடையது பிறகு. எங்கே நோகிறது, எப்போதிலிருந்து, ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு, எல்லாம் ஒழுங்காகப் போனது. எனக்குச் சந்தோஷம். நான் நன்றாகக் கேட்டதால் அவருக்கும் நம்பிக்கை வந்து, படபடவென்று இரண்டு நிமிடம் பேசினார். பாதிக்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை. ‘பஸ்தீயா’ என்ற சொல் கேட்டது, குளிசை என்று தெரியும். தலையை ஆட்டி, ‘சி, சி, எஸ்தா பியேன்’ என்றேன். ஆம், ஆம், நல்லது.

டீச்சர் நிறுத்தினார். ‘தம்பி, எதுக்கு ஆம் சொன்னீங்கள்?’

அந்த அம்மா சொன்னது, ‘தெஹே தே தோமார் லா பஸ்தீயா ஆசே த்ரேஸ் தீயாஸ்.’ மூன்று நாளாகக் குளிசையை நிறுத்திவிட்டேன். பிரஷர் குளிசை. தாதி நல்லது என்று சொல்லிவிட்டார், இனி அவர் ஏன் அதைத் தொடப்போகிறார்?

எனக்கு உடனே என் அம்மம்மாவின் ஞாபகம் வந்தது. எனக்கு 11 வயதாக இருந்தபோது பருத்தித்துறையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தா. சுகமில்லை என்று கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை, அன்று வேலைக்கும் போகவேண்டியிருந்தது. தெருப் பிள்ளைகளோடு விளையாடிச் சிங்களம் பழகிய நான்தான் மொழிபெயர்ப்பாளர். அம்மம்மா ‘வயிறு நோகுது’ என்றா. நான் ‘பட ரிதெனவா’ என்றேன். டொக்டர் வேறு சில கேள்விகள் கேட்டார். அம்மம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினா, நான் ‘ஒவ்’ என்றேன். வாயுக் குளிசை தந்தார்கள். இரண்டு தரம் போனோம், இரண்டு தரமும் அதே குளிசை. மூன்றாம் வாரம் நடுக்கத்தோடு காய்ச்சல் அடித்து வாட்டில் சேர்த்தோம். திருகோணமலையிலிருந்து வந்த ஒரு தமிழ் மிஸ்ஸி திரையை இழுத்துவிட்டு அம்மம்மாவின் காதோடு பேசினா. சலம் போகும்போது எரிவு, இரத்தமும் போகிறது, ஒரு மாதமாக. அதைப் பேரப்பொடியனிடம் எப்படிச் சொல்வது? கிருமி சிறுநீரகம் வரை போயிருந்தது. அம்மம்மா பிழைத்துவிட்டா. நான் தாதி வேலைக்கு வந்ததற்கு அந்த மிஸ்ஸிதான் காரணம்.

டீச்சரிடம் அன்று இதைச் சொன்னேன். அமெரிக்காவில் 2010 இல் வந்த சுகாதாரச் சட்டத்தின் 1557 ஆம் பிரிவைப் பற்றி அப்போதுதான் விளக்கினார். அரச நிதி பெறுகிற ஆஸ்பத்திரிகள் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை நோயாளிக்கு இலவசமாக ஏற்பாடு செய்யவேண்டும். தகுதியுள்ளவர் உடனே கிடைக்காத அவசர நிலை தவிர, பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது. எங்கள் நாட்டில் தமிழும் ஆட்சிமொழி என்று 1987 இலிருந்து அரசியலமைப்பில் இருக்கிறது. அம்மம்மாவின் கட்டிலடியில் அன்று அது வந்து சேரவில்லை.

மீதி நேரம் முழுவதும் நான்கே வசனங்கள். ‘எனக்குக் கொஞ்சம்தான் ஸ்பானிஷ் தெரியும்.’ ‘தயவுசெய்து இன்னும் மெதுவாக.’ ‘திரும்பச் சொல்ல முடியுமா?’ கடைசியாக, ‘வோய் அ யாமார் அ உன் இந்தேர்ப்ரெதே.’ மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடப்போகிறேன். இந்த நான்காவதை ஒவ்வொருவரையும் எழுப்பி, நித்திரையிலும் வரும்வரை சொல்லவைத்தார். 12 வாரத்தில் நீங்கள் நோயாளியோடு முகம் கொடுத்துப் பேசத்தான் பழகியிருக்கிறீர்கள், சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் வாங்கப் பழகவில்லை என்றார். ஊசி போடும் முன் ஆறுதல் சொல்ல, வெறும் வயிறா என்று கேட்க, அசையவேண்டாம் என்று சொல்ல உங்கள் ஸ்பானிஷ் போதும். மருந்தின் அளவு, நோயின் பெயர், சம்மதம், இவை வந்தால் போனை எடுங்கள். பெரிய மொழிப் பாடசாலைகள் ‘சரளமாகப் பேசலாம்’ என்று விளம்பரம் போடுகிற ஊரில், எங்கே நிறுத்தவேண்டும் என்று சொல்லித்தருகிற ஒருவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

இந்தப் பாடம் பதினோராம் வாரம் வரை காத்திருந்திருக்கக்கூடாது. மூன்றாம் வாரமே அந்த அம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம், பிறகு மாதம் இரண்டு தரமாவது. டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன், அடுத்த முறை வோசோத்ரோஸை வெட்டிவிட்டு அதைச் செய்வதாகச் சொன்னார்.

யார் போகலாம்? டெக்சாஸ், கலிபோர்னியா, ப்ளோரிடா என்று உறுதியாகிக் காத்திருக்கும் தாதிகள் கட்டாயம் போகலாம். ஸ்பானிஷில் ஏற்கெனவே ஓரளவு பேசக்கூடியவருக்கு முதல் ஐந்து வாரம் வீணாகத் தெரியும். பரீட்சைச் சான்றிதழ் தேவைப்படுபவர்களுக்கு இது உதவாது, டீச்சர் கொடுப்பது தன் கையெழுத்திட்ட ஒரு கடிதம் மட்டும்.

சுருள் கம்பி போட்ட 40 பக்கக் குறிப்புப் புத்தகம் கட்டணத்துக்குள் அடக்கம். ஒவ்வொரு வசனமும் ஸ்பானிஷிலும், தமிழ் எழுத்தில் உச்சரிப்பாகவும், பக்கத்தில் எங்கள் பேச்சுத் தமிழிலும் இருக்கிறது. மகரகமத் தங்கச்சி அதை வேறொன்றுக்கும் பாவிக்கிறாள். மூன்றாவது நிரலை மட்டும் பார்த்து, ‘எங்க நோகுது? எப்ப இருந்து? சாப்பிட்டீங்களா?’ என்று தன் வாட்டில் தமிழ் நோயாளிகளிடம் கேட்கத் தொடங்கிவிட்டாள். போன ஞாயிறு என்னைக் கூப்பிட்டு, சலம் போகும்போது எரிகிறதா என்று மரியாதையாகக் கேட்பது எப்படி என்று கேட்டாள். சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டாள்.

கோட்டையிலிருந்து வருபவர்கள் 100 ஆம் இலக்க பஸ்ஸைவிட ரயிலில் வருவது நல்லது. வெள்ளவத்தை ஸ்டேஷனில் இறங்கினால் கொஞ்ச நடைதான். வகுப்பு சரியாக 2 மணிக்குத் தொடங்கும், பிந்தினால் கீழ்க் கதவு பூட்டியிருக்கும். பேக்கரிக்காரரிடம் ஸ்பானிஷ் டீச்சர் என்று கேளுங்கள், திறந்துவிடுவார்.